புதுப்பிப்பு: கார் பானட்டில் போர் தண்ணீர்க் கறை போய்விட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கருப்பு பானட்டில் ஷாம்புக்கும் அசையாத வெள்ளை வட்டங்கள், அதன் மேலேயே வேக்ஸும் போட்டாகிவிட்டது, எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது வினிகர்தான். வெள்ளை வினிகரும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. நிழலில், தகடு நன்றாக ஆறிய பிறகு, நனைத்த மைக்ரோஃபைபர் துணியைக் கறைமேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். இரண்டாவது தடவையில் சுண்ணாம்புப் படிவு கரைந்தது. க்ளே பார் (பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் கட்டி) சொரசொரப்பை மட்டும் எடுத்தது. வட்டம் அப்படியே இருந்தது.

எதிர்பாராதது: பழைய வேக்ஸும் போய்விட்டது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடு முழுக்கப் பரவியது. எனவே மறுபடி கார்னௌபா வேக்ஸ், மெல்லிசாக. வைப்பருக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக்கில் வேக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காயும், முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

மூன்று வட்டங்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. அவை பெயின்ட் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டையே அரித்தவை. பாலிஷ்தான் போட வேண்டும்.