கடுமையான மஞ்சள் காமாலைக்கான சிகிச்சையைச் சோதிக்க எந்த விலங்கு ஏற்றது?

கேள்வி

நான் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பிறவியிலேயே வரும் கடுமையான மஞ்சள் காமாலைக்கு, குறிப்பாகக் கிரிக்லர்–நஜ்ஜார் நோயின் முதல் வகைக்கு, ஒரு சேர்மத்தைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். எங்கள் ஆய்வகத்தில் சாதாரண எலிகளின் பித்தநாளத்தைக் கட்டிக் காமாலையை உண்டாக்குவது வழக்கம். கைபழகிய முறை என்பதால் அதையே கையாண்டேன். முன்னோட்டச் சோதனையில், சேர்மம் கொடுத்த எலிகளின் ரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி குறைந்திருந்தது. ஆனால் பிறவியிலேயே காமாலையுள்ள ‘கன்’ என்னும் இன எலிகளில் செய்து காட்டினால்தான் செல்லும் என்று ஒருவர் அழுத்திச் சொல்கிறார். அவற்றை வரவழைத்து இனம்பெருக்கி வளர்ப்பது நீண்ட வேலை. அவ்வளவு பாடு தேவைதானா? ரத்தத்தில் பிலிருபின் குறைந்தாலே சிகிச்சை பலித்ததாகக் கொள்ளலாமா?

பதில் 1

தேவைதான். பித்தநாளத்தைக் கட்டிய எலியின் கல்லீரல், பிலிருபினைக் குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைத்து நீரில் கரையும்படி செய்துவிடுகிறது. வெளியேறும் வழி மட்டுமே அடைபட்டிருக்கிறது. கிரிக்லர்–நஜ்ஜாரிலோ வழி திறந்திருக்கிறது. இணைத்துக் கொடுக்க வேண்டிய யூஜிடி1ஏ1 நொதிதான் இல்லை. மூளைக்குள் புகுந்து கேடு செய்வது இந்த இணையாத பிலிருபின் என்பதால், இரண்டு காமாலைகளையும் ஒன்றாக வைத்துப் பேச இயலாது.

கன் எலி 1938இல் விவரிக்கப்பட்டது. விஸ்டார் இன எலிகளில் தானாகவே தோன்றிய பிறழ்வு அது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதால், நொதி முழுமை பெறாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் பிறழ்வுள்ள உடன்பிறப்புகளுக்குக் காமாலை வராது; ஒப்பீட்டுக்கு அவற்றைவிட ஏற்ற விலங்கு கிடையாது.

முக்கியமாக, பித்தநீரைப் பாருங்கள். கன் எலியின் பித்தநீர் ஏறக்குறைய நிறமற்று இருக்கும். நொதியை மீட்டுக் கொடுக்கும் சிகிச்சை என்றால் இணைந்த பிலிருபின் அதில் தோன்றியாக வேண்டும். அதைத் திரவ நிறப்பகுப்பில் பிரித்துக் காட்டலாம். ஒளிச்சிகிச்சையிலும் பித்தநீரில் மஞ்சள் ஏறும். ஆனால் அப்போது வெளியேறுவது வெளிச்சத்தால் வடிவம் மாறிய பிலிருபின். இந்த வேறுபாட்டை ரத்தப் பரிசோதனை காட்டாது.

பதில் 2

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மருத்துவ வரலாறே கசப்பான பதிலை வைத்திருக்கிறது. 1956இல் வெளியான ஒரு சோதனையில், தொற்றுத் தடுப்புக்காகச் சல்ஃபா மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகளிடையே இறப்பும் கெர்னிக்டெரஸ் என்னும் மூளைப் பாதிப்பும் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. காரணம் கன் எலிகளில் விளங்கியது. ரத்தத்தில் பிலிருபினைத் தாங்கி நிற்பது ஆல்புமின் என்ற புரதம். சல்ஃபா அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பிலிருபின் வெளியே தள்ளப்பட்டுத் திசுக்களுக்கும் மூளைக்கும் போய்விடுகிறது. ரத்தத்தில் பிலிருபின் அளவு குறைகிறது, விலங்கோ சாகிறது. கன் எலிகளில் மூளைப் பாதிப்பை வேண்டுமென்றே உண்டாக்க இன்றைக்கும் சல்ஃபாடைமெத்தாக்சின் என்ற மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

ஆகவே, உங்கள் சேர்மம் ஆல்புமினோடு ஒட்டுகிறதா என்பதை, ஒரு விலங்கைத் தொடுவதற்கு முன்பே சோதனைக் குழாயில் பார்த்துவிடுங்கள். பிறகு மூளையில் தங்கிய பிலிருபினையும், ஆல்புமினோடு ஒட்டாமல் தனித்துத் திரியும் பிலிருபினையும் அளக்க வேண்டும். சிறுமூளை எவ்வளவு சுருங்கியிருக்கிறது, ஒலிக்கு மூளைத்தண்டு எப்படி எதிர்வினை தருகிறது என்பவையும் நம்பத்தக்க சான்றுகள். மாதிரிகளை எடுத்தவுடன் குழாயில் அலுமினியத் தாளைச் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதையும்.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு வயதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கன் எலிகள் பெரும்பாலும் வளர்ந்து ஆளாகிவிடும். அதே பிறழ்வைச் சுண்டெலியில் உண்டாக்கினால், ஒளிச்சிகிச்சை இல்லாத குட்டிகள் பிறந்த சில நாட்களிலேயே இறந்துவிடும். உயிர் தப்புகிறதா என்பதை அளவுகோலாக்கச் சுண்டெலி பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் குட்டி தள்ளாடத் தொடங்கியதும் சோதனையை முடிப்பதென்று முன்கூட்டியே எழுதிவைத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுங்கள். மரபணு சிகிச்சையில் வயது இன்னொரு வகையிலும் குறுக்கிடுகிறது: ஏஏவி வைரஸ் கொண்டுசெல்லும் மரபணு பெரும்பாலும் குரோமோசோமில் சேராததால், கல்லீரல் வளர வளர நீர்த்துப்போகிறது. இவ்விரு விலங்குகளிலும் தேறிய பிறகே அந்த மரபணு சிகிச்சை மனிதர்களிடம் சென்றது. கூடுதல் அளவு பெற்ற நோயாளிகள் ஒளிச்சிகிச்சையை நிறுத்த முடிந்தது என்ற முடிவு 2023இல் வெளியானது.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. இணைந்ததையும் இணையாததையும் பிரிக்காமல் மொத்தப் பிலிருபினை மட்டுமே அளந்திருக்கிறேன். இன்னொன்றும் உறைத்தது: அன்று சேர்மம் கொடுத்த எலிகளிடமிருந்து முதலில் ரத்தம் எடுத்து, மற்றவற்றை முடிக்கும்வரை அக்குழாய்களைச் சாளரத்தருகே மூடாமல் வைத்திருந்தேன். அந்தக் குறைவை இனி முடிவாகக் காட்டப் போவதில்லை. ஆல்புமின் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன்.