பாய்மரப் படகின் தேக்குச் சட்டங்களை வெயிலிலிருந்து காப்பது எப்படி?

கேள்வி: பினாங்குக் கரையோரம்

வணக்கம். தஞ்சோங் தோக்கோங்கில் கட்டி வைத்திருக்கும் எங்கள் பாய்மரப் படகின் கைப்பிடிக் கட்டைகளும் விளிம்புச் சட்டங்களும் தேக்கினால் ஆனவை. வார்னிஷின் மேற்பரப்பு இன்னும் பளபளப்பாக இருக்கும்போதே, இணைப்புகளின் ஓரங்களில் அது மஞ்சளித்து, நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிந்து வருகிறது. அடியில் மரம் சாம்பல் பூத்திருக்கிறது. இன்னும் கனமாகப் பூசினால் நிற்குமா, அல்லது தேக்கு எண்ணெய்க்கு மாறுவது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: மரவேலைக்காரர்

வணக்கம் ஐயா. கனமாகப் பூசினால் மட்டும் நிற்காது. மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. தெளிந்த வார்னிஷ் அக்கதிர்களில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடுவதால், பூச்சு முழுதாக இருக்கும்போதே அதன் அடியில் மரத்தின் மேல்தோல் பொடிந்து, பூச்சுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் பிறகு கேட்கவே வேண்டாம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5 பாகையில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நண்பகல் வெயில் செங்குத்தாகவே இறங்குகிறது. குளிர்நாடுகளின் பராமரிப்புக் கணக்கு இங்கே செல்லாது.

சாம்பல் நிறம் முற்றிலும் நீங்கி நல்ல மரம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தேக்கில் இயல்பாக ஊறும் எண்ணெயை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்தவுடன், தின்னர் தாராளமாகக் கலந்த முதல் பூச்சைக் கொடுங்கள். அதன்மேல் புற ஊதாத் தடுப்பான் கலந்த கடல் வார்னிஷை 6 முதல் 8 பூச்சு வரை, இடையிடையே 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பூசலாம். காலையில் பனி உலர்ந்த பிறகு, நிழல் கட்டி வேலை செய்யுங்கள். உச்சி வெயிலில் கொப்புளம் எழும், பொழுது சாயும்போது ஈரக்காற்றில் பளபளப்பு மங்கும். பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மேல்பூச்சு கட்டாயம்.

மறுமொழி: கடல்வழி

எண்ணெய் வேண்டாம் என்பதே என் கருத்து. அது சீக்கிரம் கறுக்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். கண்ணாடி போன்ற பளபளப்பு தேவையில்லை என்றால், இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த பூச்சைப் பரிசீலியுங்கள். மரவரி சற்று மங்கினாலும் நிறமியே கதிரைத் தடுத்துவிடுவதால் அது தெளிந்த வார்னிஷைவிடக் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அடியில் எப்பாக்ஸி என்ற இறுகும் பிசினைப் பூசி அதன்மேல் வார்னிஷ் அடித்தால் ஆயுள் கூடுமா?

மறுமொழி: மரவேலைக்காரர்

ஈரம் புகாமல் இருக்க எப்பாக்ஸி உதவும். ஆனால் வெயில் பட்டால் அதுவும் சிதையும் என்பதால், மேலே உள்ள வார்னிஷைத் தேய விடக் கூடாது. அந்தச் செலவில் கைப்பிடிகளுக்குக் கித்தான் உறை தைத்துப் போடுவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் வெளிச்சமே படாத மரத்தில் பூச்சு பல மடங்கு காலம் நிற்கிறது. உறையின் அடிப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். காற்றோட்டம் இல்லையென்றால் மழைநீர் உள்ளே தங்கிவிடும்.