வெள்ளத்தில் மூழ்கிய பழைய நாலரை அடி லேத்தை வீட்டில் பொழுதுபோக்கு வேலைக்காக மீட்பது எப்படி?

கேள்வி — ஆற்றங்கரையான், பாளையங்கோட்டை

அனைவருக்கும் வணக்கம்.

என் தாய்மாமா சிந்துபூந்துறையில் ஆற்றை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் நெடுங்காலம் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை நடத்தி வந்தார். பம்புசெட்டு ஷாஃப்ட், அரிசி ஆலைக்குரிய புஷ், டிராக்டர் பின் எனச் சுற்றுவட்டார ஊர்களின் வேலைகள் அவரிடம்தான் வரும். பள்ளி விடுமுறையில் அவர் அருகே நின்று பித்தளைச் சுருள் பொன்னிறமாகச் சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அவர் காலமான பின் கொட்டகை பூட்டியே கிடந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்தபோது, கொட்டகைக்குள் தண்ணீர் ஹெட் ஸ்டாக்கின் (லேத்தின் சுழலும் தண்டைத் தாங்கும் பகுதி) மேல்மூடி வரை ஏறி, இரண்டு நாட்கள் நின்று வடிந்தது. அந்த நேரத்தில் வீட்டையும் மனிதர்களையும் பார்க்கவே நேரம் போதவில்லை. இயந்திரத்தின் மேல் குழாய்த் தண்ணீர் அடித்துத் தார்ப்பாயால் மூடியதோடு சரி.

பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு விலை பேசிவிட்டார். எனக்கு மனம் வரவில்லை. இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டதால், அதை வீட்டின் பின்கட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன். பிழைப்புக்காக அல்ல, சிறு பித்தளைச் சாமான்களும், பேத்திக்குப் பம்பரமும் மரச்சொப்பும் கடைய வேண்டும் என்பதே என் ஆசை.

இப்போதைய நிலை இதுதான். நாலரை அடி பெட் (லேத்தின் நீண்ட அடிப்பாகம்), மூன்று படிக் கூம்புப் புல்லி, தட்டைப் பெல்ட், பேக் கியர் (வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம்), மரை முகப்பில் திருகி மாட்டும் மூன்று தாடைச் சக் (கடையும் பொருளைப் பிடிக்கும் கவ்வி). ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) இரண்டு கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்களில் ஓடுகிறது. மேல்மூடிகளின் கீழே இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் தகடுகள் தெரிகின்றன. கையால் சுழற்றினால் அரைச் சுற்று கரகரவென்று திரும்பிப் பிறகு இறுகுகிறது. பெட் முழுவதும் துரு. டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனையிலுள்ள தாங்கி) ஓரத்தில் ஓரிடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தபோது, துருவுக்கு அடியில் பிறை பிறையாகச் சுரண்டல் குறிகள் தெரிந்தன. சக் பக்கம் அப்படி எதுவும் தெரியவில்லை. கூடவே இருக்கும் மோட்டார் 2 குதிரைத்திறன், மூன்று பேஸ். அதுவும் வெள்ளத்தில் நனைந்ததுதான். என் வீட்டில் இருப்பது ஒற்றை பேஸ் இணைப்பு.

துருவை எப்படி எடுப்பது, பெட்டைக் கிரைண்டிங்குக்கு (சாணை பிடித்துச் சமப்படுத்த) அனுப்ப வேண்டுமா, எந்த மோட்டார் பொருந்தும் என்ற மூன்றையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

பதில் 1 — மேலப்பாளையம் வாசகர்

துரு இவ்வளவு முற்றியிருந்தால் கழிப்பறை கழுவும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு, எமரித் தாளைக் கிரைண்டரில் மாட்டித் தேய்த்துவிடுங்கள். எங்கள் வீட்டு இரும்புக் கதவை அப்படித்தான் ஒரே நாளில் வெண்மையாக்கினோம்.

பதில் 2 — பழைய டர்னர், பேட்டை

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். டர்னர் தொழிலைப் பல ஆண்டுகள் செய்தும், பின்னர் மாணவர்களுக்குக் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள்: அந்த ஸ்பிண்டிலை இனி ஒரு சுற்றுகூடத் திருப்பாதீர்கள். உங்கள் காதில் விழுந்த கரகரப்பு துருவின் ஓசை மட்டுமன்று. ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் நுண்மணல் இருக்கிறது. அது எண்ணெய்த் துளை வழியாகப் புஷ்ஷுக்குள் இறங்கியிருக்கும். கன்மெட்டல் மென்மையான உலோகம் ஆதலால் மணல் அதில் பதிந்துகொண்டு, சுழலும் எஃகுத் தண்டை அரைக்கத் தொடங்கும். அதாவது, சுழற்றிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் உங்கள் ஸ்பிண்டிலையே சாணை பிடிக்கிறீர்கள். இரண்டு மேல்மூடிகளையும் கழற்றுங்கள். கழற்றும் முன் மூடிகளில் முன், பின் என்றும், ஷிம் தகடுகளில் இடம், வலம் என்றும் அடையாளம் இட்டு, ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனித் தாளில் பொதிந்து வையுங்கள். ஸ்பிண்டிலைத் தூக்கி எடுத்துப் புஷ்களை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, எண்ணெய்த் துளைகளையும் வாய்க்கால்களையும் செம்புக் கம்பியால் குத்தித் தெளிவாக்குங்கள். இரும்புக் கம்பி வேண்டாம்.

மேலப்பாளையம் நண்பர் நல்ல மனத்தோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால், கதவுக்குச் சரியான முறை லேத்துக்குச் சரியாகாது. வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. ஆசிட் அவற்றுக்குள் புகுந்து தங்கி, எவ்வளவு கழுவினாலும் சில வாரங்களில் மீண்டும் துருவாகப் பூக்கும். அதன் ஆவியே அதே அறையிலுள்ள மைக்ரோமீட்டரையும் டிரில்களையும் துருப்பிடிக்க வைத்துவிடும். கிரைண்டரில் எமரி மாட்டித் தேய்ப்பதோ அதைவிடக் கேடு. துரு போகும், அதோடு பெட்டின் நேர்த்தன்மையும் போய்விடும். துருவை எடுப்பதில் நூறு வழி உண்டு. இழந்த நேர்த்தன்மையை மீட்க வீட்டில் ஒரு வழியும் இல்லை.

பெட்டுக்கு மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் சம அளவில் கலந்து பழந்துணியில் நனைத்து, ஓர் இரவு முழுவதும் போர்த்தி வையுங்கள். மறுநாள் சவரப் பிளேடைப் பெட்டின் மேல் ஏறத்தாழப் படுக்கையாகப் பிடித்து, ஓவியத்தாளில் ஒட்டிய பசையை எடுப்பதுபோல மெல்லத் தள்ளுங்கள். துரு செதிலாக எழும்பும், அடி இரும்பில் பிளேடு வழுக்கிப் போகும். மீதமுள்ள கறையைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் எண்ணெய் விட்டுத் தேய்த்தால் போதும். கறுப்புத் திட்டுகள் எஞ்சினால் விட்டுவிடுங்கள். அவை வேலையைக் கெடுப்பதில்லை. குழிகளும் அப்படியே: குழி, டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் சாடிலைத் தடுக்காது, மேடுதான் தடுக்கும்.

கைப்பிடி, சக்கரம், கியர், டூல் போஸ்ட் போன்ற கழற்றக்கூடிய உறுப்புகளுக்கு மின்பகுப்பு முறை மிகச் சிறந்தது. பிளாஸ்டிக் வாளியில் நான்கைந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த உறுப்போடும், நேர்முனையைச் சாதாரண இரும்புக் கம்பியோடும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஓர் இரவு விடுங்கள். நேர்முனைக்கு எவர்சில்வர் துண்டைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுக் கரைசலாக மாறும். ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் வாளியைத் திறந்த வெளியில் வைப்பதும், சார்ஜரை அணைத்த பிறகே கம்பிகளைத் தொடுவதும் கட்டாயம். சுருள்வில்களை மட்டும் இதில் போடாதீர்கள்; ஹைட்ரஜன் ஏறினால் முறியும். சக்கைக் கழற்றும்போது தாடைகளிலும் அவற்றின் பள்ளங்களிலும் 1, 2, 3 என்ற எண்களைப் பாருங்கள். மாட்டும்போது அதே வரிசையில் ஏற்றாவிட்டால் மூன்றும் நடுவில் கூடாது.

கிரைண்டிங்கைப் பற்றி உங்கள் இயந்திரமே விடை சொல்லியிருக்கிறது. டெயில் ஸ்டாக் ஓரத்தில் நீங்கள் கண்ட பிறைக் குறிகள், அதைச் செய்தவர் கையால் ஸ்கிரேப் செய்த தடங்கள். அந்தப் பகுதி இன்னும் புதிதாகவே இருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. சக்கின் முன்னுள்ள ஓர் அடியில்தான் உங்கள் மாமா ஆயுள் முழுவதும் வேலை செய்தார். தேய்மானம் அங்கே இருப்பது இயல்பு. பித்தளைச் சிறு சாமான்களுக்கும் சொப்புக்கும் அந்தத் தேய்மானம் இடையூறாகாது. மேலும், பெட்டைக் கிரைண்டிங் செய்தால் சாடில் தாழும், லீட் ஸ்க்ரூவுக்கும் (சாடிலை நகர்த்தும் நீண்ட திருகு) ஏப்ரனுக்கும் (சாடிலின் முன்பக்கப் பெட்டி) பொருத்தம் மாறும், டெயில் ஸ்டாக் மையமும் கீழிறங்கும். ஒன்றைச் சரிசெய்யப் போய் நான்கைச் சரிசெய்ய வேண்டிவரும். அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

புஷ்களைச் சுத்தம் செய்து பூட்டிய பின், ஸ்பிண்டில் முகப்பின் மேல் டயல் கேஜ் (நுண் அசைவை அளக்கும் கருவி) முள்ளை வைத்து, கீழிருந்து மரக்கட்டையால் நெம்புங்கள். 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை ஏறினால் மனநிறைவோடு ஓட்டலாம். 0.10-ஐத் தாண்டினால் இரு பக்கமும் ஒரே தடிமனில் ஒவ்வொரு ஷிம்மாக எடுத்து மறுபடி அளவிடுங்கள். எண்ணெய் 68 எண் போதும். நல்லெண்ணெய் விடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசினாக உறைந்து துளையை அடைத்துவிடும்.

பதில் 3 — காயில்காரர், தென்காசி

மோட்டாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நனைந்த மோட்டாரை நேரடியாக மின்சாரத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். பிரித்து, நல்ல தண்ணீரில் வண்டலைக் கழுவி, நன்றாக உலரவைத்து, 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவி) காயிலுக்கும் உடலுக்கும் இடையே சோதித்து, குறைந்தது ஒரு மெகாஓம் வந்தால்தான் மேற்கொண்டு நினைக்க வேண்டும். பேரிங்குகளை எப்படியும் மாற்றிவிடுங்கள்.

அந்த மோட்டாரையே ஒற்றை பேஸில் ஓட்ட வேண்டுமானால் வி.எஃப்.டி. (மின் அலைவெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டும். 230 வோல்ட் ஒற்றை பேஸ் வாங்கும் வி.எஃப்.டி. வெளியே கொடுப்பதும் 230 வோல்ட் மூன்று பேஸ்தான். உங்கள் மோட்டார் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டிருந்தால் டெல்டாவுக்கு (இரண்டும் காயில்களை இணைக்கும் முறைகள்) மாற்ற வேண்டும். பெட்டியில் ஆறு முனைகள் இருந்தால் பட்டிகளை மாற்றினால் போதும். மூன்று மட்டுமே இருந்தால் உள்ளே ஸ்டார் முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும், அதைக் காயில் கட்டுபவரிடம் விட்டுவிடுங்கள். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் சுவிட்ச் எதுவும் வைக்கக் கூடாது. இவ்வளவும் வேண்டாம் என்றால் 1 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 1440 சுற்று, கெபாசிட்டர் ஸ்டார்ட் ஒற்றை பேஸ் மோட்டார் உங்கள் வேலைக்குத் தாராளம்.

வேகக் கணக்கு எளிது. மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, கவுண்டர் ஷாஃப்டில் (மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இடையிலுள்ள தண்டு) 12 அங்குலப் புல்லி எனில் 1440 நான்கில் ஒன்றாகி 360 ஆகும். கூம்புப் புல்லி படிகள் 4, 6, 8 என்று இரு பக்கமும் எதிரெதிராக இருந்தால், ஸ்பிண்டிலில் 180, 360, 720 கிடைக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலில் 25 மில்லிமீட்டர் இரும்புக் கம்பிக்கு 360 சரியான வேகம்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் சக் மரையில் திருகி நிற்பது. எதிர்த் திசையில் ஓட்டினாலோ, வி.எஃப்.டி.யில் சட்டென்று நிற்கும்படி பிரேக் வைத்தாலோ சக் தானே கழன்று வந்துவிடும். எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். வீட்டுப் பட்டறைதானே என்று வேட்டியோடும் தோளில் துண்டோடும் தட்டைப் பெல்ட் அருகே நிற்காதீர்கள். பெல்ட்டுக்குத் தகர மூடி போட்ட பிறகே முதல் ஓட்டம்.

பதில் 4 — கடைசல் வீட்டுப் பிள்ளை, அம்பாசமுத்திரம்

ஒருவர் கயிறு இழுக்க மற்றவர் கடைந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சொப்பு செய்கிறார்கள். இரும்பு லேத்தில் மரம் கடையலாம், ஆனால் மரத்தூள் பெட்டின் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்து, துருவை உண்டாக்கும். மரம் கடையும் நாட்களில் பெட்டைத் தகரத்தாலோ தடித்த தாளாலோ மூடி, வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து உடனே எண்ணெய் தடவுங்கள். 720 சுற்று மரத்துக்குக் குறைவுதான். அதற்காகப் பழைய புஷ்ஷை விரட்ட வேண்டாம். உளியை நன்றாகத் தீட்டி, பொறுமையாகக் கடைந்தால் வழவழப்பு வரும். வண்ணத்துக்கு அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அதுவே உருகிப் பிடிக்கும். பிறகு தாழை மடலால் அழுத்தி இழைத்தால் பளபளக்கும். குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்பதால், அரக்கில் கலக்கும் நிறம் உணவுக்கு உகந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆற்றங்கரையானின் மறுமொழி, ஐந்து வாரங்களுக்குப் பின்

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பேட்டை அண்ணாச்சி சொன்னபடி மேல்மூடிகளைக் கழற்றினேன். முன் புஷ்ஷின் எண்ணெய் வாய்க்காலில் வண்டல், குயவர் பிசைந்த மண்போல இறுகி, வாய்க்காலின் வடிவத்திலேயே ஒரு விரல் நீளக் கட்டியாக வந்தது. அதை விரல்களுக்கிடையே நசுக்கியபோது மணல் நெறுநெறுத்தது. இன்னும் நான்கு முறை சுழற்றிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிக் கலங்கினேன். ஸ்பிண்டிலில் இரண்டு மெல்லிய கோடுகள் தவிரக் கீறல் இல்லை. நெம்பிப் பார்த்தபோது 0.11 காட்டியது, இரு பக்கமும் ஒவ்வொரு ஷிம் எடுத்த பின் 0.04. பெட்டின் துரு பிளேடிலேயே வந்துவிட்டது. ஒற்றை பேஸ் மோட்டார் வாங்கிப் பூட்டி, மூடியும் போட்டுவிட்டேன்.

இப்போது ஒரே ஐயம். சக்கில் பிடித்து, டெயில் ஸ்டாக் தாங்கல் இல்லாமல் ஆறு அங்குலக் கம்பியைக் கடைந்தால், சக் பக்கத்தைவிட வெளி நுனி 0.06 மில்லிமீட்டர் பருமனாக இருக்கிறது. பெட் தேய்மானம்தான் காரணமா?

பதில் — பழைய டர்னர், பேட்டை

மிக்க மகிழ்ச்சி அண்ணாச்சி. தேய்மானத்தைக் குற்றம் சொல்லும் முன் தரையைப் பாருங்கள். நான்கு கால்களும் ஒரே சமமாக அமரவில்லை என்றால் பெட் சற்றே முறுக்கிக்கொள்ளும். கம்பியின் இரு நுனிகளிலும் அரை அங்குல அகலத்துக்கு ஒரு வளையம் விட்டு, நடுப்பகுதியைச் சிறிது குறைத்துவிடுங்கள். பின்பு டூலை நகர்த்தி அமைக்காமல், இரு வளையங்களையும் ஒரே மெல்லிய வெட்டில் கடைந்து மைக்ரோமீட்டரில் அளவிடுங்கள். வெளி நுனி பருமனாக இருந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்தில் நீங்கள் நிற்கும் புறத்துக் காலின் கீழ் ஒரு மெல்லிய தகடு செருகி, போல்ட்டை இறுக்கி, மறுபடி கடைந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தகடு மட்டும். வேறுபாடு 0.02-க்குள் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆற்றங்கரையான்

பழைய டின் ஒன்றை வெட்டி எடுத்த தகடுகளில் மூன்றாவதைச் செருகிய பின் வேறுபாடு 0.015-க்கு வந்துவிட்டது. நாளை பித்தளையில் முதல் பம்பர ஆணியைக் கடைகிறேன்.