செம்பனை மட்டை வெட்டும் மெஷின்: கத்தி தீட்டி மாட்டிய பிறகு நார் நாராக வருது, டிரம் அதிருது. உதவி தேவை

சேகர், சுங்கை சிப்புட்:
வணக்கம். மாட்டுத் தீவனத்துக்குச் செம்பனை மட்டை வெட்டுற டிரம் மெஷின். டீசல் எஞ்சின், பி-செக்‌ஷன் பெல்ட் மூணு, டிரம் 900 ஆர்.பி.எம். டிரம்மில் நாலு கத்தி. ஒவ்வொண்ணும் 300 மி.மீ. நீளம், 10 மி.மீ. தடிப்பு, புதுசில் 80 மி.மீ. அகலம். கத்திக்கு மூணு எம்12 போல்ட். கீழே சட்டத்தில் சுத்தாம நிற்கிற ஒரு அடிக்கத்தி.

போன வாரம் நாலு கத்தியையும் கழற்றி வெளியே கொடுத்துத் தீட்டினோம். ரெண்டு கத்தியில் கல் பட்டு முனை பெயர்ந்திருந்ததால் அதை மட்டும் கூடுதலா தேய்ச்சாங்க. மாட்டி ஓட்டினதிலிருந்து துண்டு ஒரே அளவா வரலை, நார் அறுபடாம தொங்குது. முழு வேகத்தில் சட்டமே அதிருது. அரை மணி நேரத்தில் பெல்ட் கருகின வாடை. அடிக்கத்தியை நெருக்கினா ஏதோ ஒரு கத்தி மட்டும் ‘டிங்’னு தட்டுது, அதனால பழையபடி இறக்கிட்டேன். கத்தி கூர்மையாத்தான் இருக்கு, தாளை வச்சா அறுக்குது. எங்கே தப்பு?

பட்டறை மணியம்:
தம்பி, தாள் அறுக்கிறதை வச்சு முடிவு பண்ணாதீங்க. மட்டையை வெட்டுறது மேல்கத்தி மட்டும் இல்லை, அடிக்கத்தியும் சேர்ந்துதான். கத்தரிக்கோல் திருகு தளர்ந்தா எவ்வளவு தீட்டினாலும் துணி மடங்கி உள்ளே போகுமே, அதே கதைதான் இது.

அளவு வேணும். கத்திகளுக்கு டிரம் சுற்றும் வரிசையில் 1, 2, 3, 4 என்று பெயர் வையுங்க. ஒவ்வொரு கத்தியையும் அடிக்கத்திக்கு நேரா கொண்டுவந்து, இடது முனையிலும் வலது முனையிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டு இடைவெளி எழுதுங்க. பிறகு கழற்றி, துடைச்சு, அகலத்தை ரெண்டு முனையிலும் வெர்னியரில் எடுங்க. சமையலறைத் தராசில் எடை போடுங்க, ஒரு கிராம் காட்டுற தராசு போதும். சரிவு முகத்தின், அதாவது முனைக்காகச் சாய்வா தீட்டின பக்கத்தின், அகலத்தையும் ரூலரில் பாருங்க. 10 மி.மீ. தடிப்புக் கத்தியில் சரிவு 20 மி.மீ. இருந்தா கோணம் 30 டிகிரி, 15 மி.மீ.தான் இருந்தா 42 டிகிரி. மழுங்கின கோணத்தில் தீட்டிக் கொடுத்தா கத்தியின் முதுகு மட்டையைத் தள்ளும், பெல்ட் கருகும்.

வெளியே வந்த துண்டுகளில் இருபதை எடுத்து நீளமும் அளங்க.

தோட்டத்து ராஜு:
கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. சாவியை உருவிச் சட்டைப் பையில் போடுங்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க. எஞ்சின் நின்னாலும் டிரம் கனத்தில் கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டே இருக்கும். சத்தம் அடங்கினதை நம்பாம, புல்லியைக் கண்ணால் பார்த்து நின்னதை உறுதி பண்ணிட்டுத்தான் மூடியைத் திறக்கணும்.

பலருக்குத் தெரியாதது ஒண்ணு: ஒரு கத்தியைக் கழற்றின உடனே டிரம்மின் எதிர்ப்பக்கம் கனமாயிடும், தானா உருளும். அப்போ விரல் அடிக்கத்திப் பக்கம் இருந்தா போச்சு. ஒவ்வொரு கத்தியைத் தொடும்போதும் டிரம்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் கெட்டி மரத்தில் ஆப்பு அடிங்க. டிரம்மைக் கையால் திருப்புறதும் கேஜ் விடுறதும் ஒரே ஆளா இருக்கணும். ஒருத்தர் திருப்ப இன்னொருத்தர் கை விடுற வேலையே கூடாது. தோல் கையுறை போடுங்க. தீட்டின கத்தியில் எண்ணெய் இருக்கும், வழுக்கும்.

சின்ன இடம்தானே, சட்டம் நம்மைக் கேட்காதுன்னு நினைக்காதீங்க. மலேசியாவின் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-இல் நீக்கப்பட்டது. அன்றைக்கே நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் இப்போ அநேகமா எல்லா வேலையிடத்துக்கும் பொருந்தும்.

சேகர்:
நன்றிண்ணே. எடுத்துட்டேன்.

இடைவெளி, இடது / வலது: 1-ஆம் கத்தி 0.6 / 0.9. 2-ஆம் கத்தி 1.1 / 1.4. 3-ஆம் கத்தி 3.0 / 3.3. 4-ஆம் கத்தி 3.3 / 3.1.
அகலம் வரிசையா: 79, 78.5, 76.6, 76.3. நாலிலும் ரெண்டு முனையும் ஒரே அளவு.
எடை: 1588, 1576, 1531, 1524 கிராம்.
சரிவு நாலிலும் 20 மி.மீ. இருக்கு.
துண்டு ரெண்டு வகையா வருது: 11 மி.மீ. பக்கம் ஒரு கூட்டம், 33 பக்கம் ஒரு கூட்டம். நடு அளவு ரொம்பக் குறைவு.
மட்டையை இழுக்கிற உருளை 160 மி.மீ. விட்டம், நிமிஷத்துக்கு 80 சுத்து.

3-ஆம் கத்தியின் முனை ஓரத்தில் இரண்டு செ.மீ. நீளத்துக்கு நீல நிறம் ஏறியிருக்கு. அது என்ன?

கலைச்செல்வி, மில் பராமரிப்பு:
சேகர், நீங்க எடுத்த அளவிலேயே எல்லா விடையும் இருக்கு.

உருளை 160 மி.மீ., 80 சுத்து என்றால் மட்டை நிமிஷத்துக்கு ஏறத்தாழ 40 மீட்டர் உள்ளே வருது. 900 சுத்தும் நாலு கத்தியும் சேர்ந்தால் 3600 வெட்டு. 40,000 மி.மீ.-ஐ 3600-ஆல் வகுத்தால் 11 மி.மீ. எல்லாத் துண்டும் அந்த அளவில்தான் வரணும். உங்களுக்கு 11-உம் 33-உம் வருது. அதாவது 1 வெட்டுது, 11 மி.மீ. கழிச்சு 2 வெட்டுது, அப்புறம் 3-உம் 4-உம் வெட்டாமல் தடவிட்டுப் போகுது, மறுபடி 1 வரும்போது 33 மி.மீ. ஆயிடுது. 3 மி.மீ. இடைவெளியில் செம்பனை நார் அறுபடாது, மடங்கி நடுவில் நுழைஞ்சு இழுபடும். பெல்ட் அதனால்தான் சூடாகுது. அடிக்கத்தியை நெருக்கும்போது தட்டுறது 1-ஆம் கத்தி. மற்ற மூணும் எட்டாமலே இருக்கிறதால் இடைவெளியை ஒரே அடியா குறைக்க முடியலை.

காரணம் அகலம். கத்தியை, அது உட்காரும் டிரம் குழியின் பின்சுவரில் முட்ட வச்சு மாட்டியிருக்கீங்க. தேய்ஞ்ச கத்தி எவ்வளவு குட்டையோ, முனை அவ்வளவு உள்ளே போயிடும். 79-க்கும் 76.6-க்கும் வித்தியாசம் 2.4. இடைவெளியிலும் 0.6-க்கும் 3.0-க்கும் அதே 2.4.

அதிர்வுக்கும் இதே வேர்தான். 1-க்கு எதிரே 3 இருக்கு, 57 கிராம் குறைவு. 2-க்கு எதிரே 4, 52 கிராம் குறைவு. இரண்டும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கு, சேர்த்தால் 77 கிராம் ஒரே பக்கம் கனமா இருக்கிற மாதிரி. முனை சுற்றும் வட்டத்தின் விட்டம் 400 மி.மீ. என்று வச்சுக்கிட்டால், 900 சுத்தில் அது கிட்டத்தட்ட 14 கிலோ எடை விநாடிக்கு 15 தடவை பேரிங்கை இழுக்கிறதுக்குச் சமம்.

இன்னொன்று. 1, 2, 3 மூணிலும் வலது பக்கம் 0.3 அதிகம். எல்லாக் கத்தியிலும் ஒரே மாதிரி இருந்தால் குற்றம் அடிக்கத்தியில், அது வலது பக்கம் தாழ்ந்திருக்கு. 4-இல் மட்டும் வலது 3.6 வரவேண்டிய இடத்தில் 3.1. அந்தக் கத்திக்குப் பின்னால், வலது மூலையில், அரை மி.மீ. தடிப்புக்கு ஏதோ ஒட்டிக்கிட்டு முன்னாடி தள்ளுது. பாருங்க.

சேகர்:
அக்கா, அப்படியே இருந்தது! காய்ஞ்ச மட்டைச் சாறும் துருவும் சேர்ந்து பொருக்கு மாதிரி மூலையில். சுரண்டினதும் நகம் மாதிரி பெயர்ந்து வந்திடுச்சு. அதே குழியின் பின்சுவரில் அதே சாறு மூடின ரெண்டு எம்8 திருகும் லாக் நட்டும் இருக்கு. அதைத் தொட்டதே இல்லை.

அப்போ 3-ஐயும் 4-ஐயும் மட்டும் அந்தத் திருகால் முன்னே தள்ளினா போதுமா? மறுபடி தீட்டணுமா?

பட்டறை மணியம்:
இடைவெளி சரியாகும், அதிர்வு போகாது. முன்னே தள்ளினா இலேசான கத்தியின் கனம் வெளியே நகர்ந்து கொஞ்சம் ஈடு கட்டும், ஆனா இப்போ இருக்கிற அதிர்வில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே நிற்கும். பேரிங்கைக் காவு கொடுக்க வேணாம். நாலையும் ஒரே செட்டா, குட்டையான கத்தியின் அளவுக்குத் தீட்டணும்.

அந்த நீலம் என்னன்னு கேட்டீங்க. தீட்டும்போது தண்ணி போதாம, அந்த இடம் குறைந்தது 300 டிகிரிக்குச் சுட்டிருக்கு. பதம், அதாவது எஃகின் கடினம், இறங்கியிருக்கலாம். புது அரம் ஒண்ணு எடுத்து நீலத்தின் மேல் லேசா தேய்ங்க. கண்ணாடி மேல் போற மாதிரி வழுக்கினா பதம் இருக்கு. கடிச்சுத் தூள் வந்தா அந்த இடம் மென்மையாயிடுச்சு, ரெண்டே நாளில் முனை மடங்கும். கடிச்சா, அரம் வழுக்குற வரைக்கும் தேய்ச்சு எடுக்கணும்.

தீட்டக் கொடுக்கும்போது வாயால் சொல்லாம எழுதிக் கொடுங்க: நாலும் ஒரே அகலம், முனை பின்விளிம்புக்கு இணையா, சரிவு 30 டிகிரி, சர்ஃபேஸ் கிரைண்டரில் தண்ணி விட்டு, ஒரு தடவைக்கு நூறில் ஒரு மி.மீ. அல்லது ரெண்டு. கையில் பிடிக்கிற ஆங்கிள் கிரைண்டர் கத்தி மேல் படவே கூடாது. ஈப்போ பக்கம் கத்தி தீட்டுற பட்டறைகளில் நாலையும் ஒரே காந்த மேசையில் வரிசையா வச்சு ஒரே ஓட்டத்தில் எடுப்பாங்க, அதுதான் வேணும். இந்த அளவுக் கத்தியில் அகலம் ஒரு மி.மீ. குறைஞ்சா 23, 24 கிராம் போகும், அதனால் அகலம் ஒத்துப்போனா எடை தானா ஒத்துப்போகும். எதிரெதிர் ஜோடிக்குள் 5 கிராமுக்கு மேல் விடாதீங்க. மிச்ச வித்தியாசத்தைக் கத்தியின் பின்விளிம்பில் தேய்ச்சுச் சரி பண்ணலாம், முனையில் வேணாம்.

கல் பட்ட ரெண்டு கத்தியிலும் போல்ட் துளையைச் சுத்தி விரிசல் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. சிவப்புச் சாயம் அடிச்சு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சா மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடா வரும். வந்தா பழைய இரும்புக்குப் போட்டுடுங்க. வெல்டிங் வச்சு ஒட்டவே கூடாது, 900 சுத்தில் பறந்தா தகட்டு மூடி தாங்காது.

கையேட்டில் கத்தியின் குறைந்தபட்ச அகலம் என்ன போட்டிருக்கு?

சேகர்:
70 மி.மீ. போட்டிருக்கு. அரம் கடிச்சது அண்ணே, 3-ஆம் கத்தியில். விரிசல் இல்லை. பட்டறையில் நாலையும் 75.5-க்கு எடுக்கிறதா சொல்றாங்க.

பட்டறை மணியம்:
நல்லது, இன்னும் ரெண்டு மூணு தீட்டல் தாங்கும்.

மாட்டுற வரிசையைச் சொல்றேன், இதை மாத்தினா திரும்பவும் பழைய இடத்துக்கே வருவீங்க. முதலில் கத்தி உட்காரும் குழி நாலையும் பித்தளைத் தகட்டால் சுரண்டி, டீசல் துணியால் துடைச்சு, வெறும் இரும்பு தெரியணும். பெயிண்ட் கூட இருக்கக்கூடாது. அடிக்கத்தியை நல்லா கீழே இறக்கிடுங்க. கத்தியை வச்சு போல்டைக் கை இறுக்கத்தில் விடுங்க. சட்டத்தில் அசையாத ஒரு இடத்தில் தகடு ஒண்ணைப் பிடிச்சு, அதை அளவுகோலா வச்சு, நாலு கத்தி முனையும் ரெண்டு ஓரத்திலும் அதே தகட்டை அதே அளவில் தொடும்வரை பின் திருகால் தள்ளுங்க. அகலம் ஒண்ணா இருக்கிறதால் நாலும் ஏறத்தாழ ஒரே சுத்துதான் எடுக்கும். திருகு கத்தியின் பின்விளிம்பில் முட்டி நிற்கணும். நடுவில் வெற்றிடம் விட்டா கத்தியைப் பிடிக்கிறது போல்டின் அழுத்தம் மட்டும்தான், மட்டையின் அடித்தண்டு வந்து மோதினதும் பின்னால் வழுக்கிடும்.

போல்ட் பன்னிரண்டும் புதுசா, தலையில் 10.9 என்று வலிமைத் தரம் அச்சிட்டது. நடு போல்டை முதலில், பிறகு ஓரம் ரெண்டும். இரண்டு சுற்றா, டார்க் ஸ்பேனரில் (இறுக்கும் அளவைக் காட்டுற ஸ்பேனர்) 110 நியூட்டன் மீட்டர், மரை உலர்ந்து இருந்தா. கிரீஸ் தடவினா அதே அளவில் போல்ட் அதிகமா இழுபடும், அதனால் தடவாதீங்க. ஸ்பேனரில் பைப் மாட்டி மிதிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடுங்க.

அடிக்கத்தி கடைசியில்தான். அதன் விளிம்பில் டார்ச் அடிச்சுப் பாருங்க. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது, மழுங்கினது வெள்ளை நூல் மாதிரி மின்னும். மின்னினா புரட்டி அடுத்த விளிம்பை மேலே கொண்டுவாங்க. செம்பனை நாருக்கு 0.5 மி.மீ. வையுங்க. ரெண்டு ஓரமும் ஒண்ணா, நாலு கத்திக்கும்.

தோட்டத்து ராஜு:
0.5 வைக்கிறதுக்கு முன்னாடி பேரிங். இவ்வளவு அதிர்வில் ஓடின பிறகு அதைப் பார்க்காம இடைவெளி வைக்கிறது வீண். டிரம் தண்டின் கீழே கடப்பாரை கொடுத்து மெதுவா நெம்புங்க, தண்டின் மேல் டயல் கேஜ் வையுங்க. முள் 0.1 மி.மீ.-க்கு மேல் ஆடினா பேரிங் மாத்தணும். இல்லேன்னா நின்னப்போ 0.5 இருக்கிறது, பாரம் ஏறினதும் வேற அளவாயிடும், கத்தியோட கத்தி மோதும். பேரிங் உள்வளையத்தைத் தண்டோட பிடிக்கிற திருகாணி தளர்ந்திருக்கான்னும் பாருங்க.

டிரம் ஓரத்துக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் நார் சுத்தியிருக்கும். அதை அறுத்து எடுங்க, பேரிங் சீலைத் தின்கிறது அதுதான். பெல்ட் மூணும் கருகினதால் மூணையும் ஒண்ணா மாத்துங்க. புல்லிக்கும் புல்லிக்கும் நடுவில் 600 மி.மீ. இருந்தா, நடுவில் அழுத்தும்போது 10 மி.மீ. அளவுக்கு இறங்கணும்.

சேகர்:
முடிஞ்சது. எடை 1507, 1505, 1506, 1504. வலது பக்க பேரிங் 0.25 ஆடிச்சு. பேரிங் நம்பர் யு.சி.பி. 209, ரெண்டு பக்கமும் மாத்திட்டோம். பழைய போல்டில் நாலு 8.8, ஒண்ணில் எண்ணே இல்லை. அடிக்கத்தியைப் புரட்டி, எல்லா இடத்திலும் 0.5 கேஜ் போகுது, 0.55 போகலை.

கையால் பத்து சுத்து, பிறகு வெறும் ஓட்டம் பத்து நிமிஷம், பிறகு மட்டை விட்டு கால் மணி நேரம். நிறுத்தி மறுபடி இறுக்கினப்போ 2-லும் 3-லும் ஒவ்வொரு போல்ட் கொஞ்சம் திரும்பிச்சு. துண்டு எல்லாம் 10-லிருந்து 12 மி.மீ. நாரின் முனை மழிச்ச மாதிரி இருக்கு. எஞ்சின் மேல் தண்ணி கிளாஸ் வச்சா வளையம் லேசா, அவ்வளவுதான்.

அடுத்த தடவை கத்தி இடம் மாறாம இருக்க, கத்தி மேலேயே எண் குத்திடலாமா?

பட்டறை மணியம்:
குத்துளி வேணாம் தம்பி. பதம் ஏறின எஃகில் குத்தின தடத்திலிருந்து விரிசல் கிளம்பும். பெயிண்ட் பேனாவால் கத்தியின் பின்பக்கம் எழுதுங்க, டிரம் குழியில் மட்டும் எண் குத்திக்கலாம். மட்டையைத் தரையில் இழுக்காம லோரியிலிருந்து நேரா போடுங்க. செம்பனையில் இயல்பாவே மணல்சத்து உண்டு, அதோட தரை மண்ணும் சேர்ந்தா முனை சீக்கிரம் போயிடும். நார் தொங்க ஆரம்பிச்ச அன்றைக்கே கத்தியைக் கழற்றுங்க. அப்போ அரை மி.மீ. தீட்டினா போதும், தள்ளிப் போட்டா ரெண்டு மி.மீ. போயிடும்.