ஒன்றரை மணித்தியாலம் விசாரித்த மருமகள்

கொக்குவிலிலிருந்து:

எனக்குச் சலரோகம் வந்து 11 வருடம். காலையும் இரவும் மெட்போமின். வீட்டில் மச்சம் இல்லை, முட்டைகூடச் சேர்ப்பதில்லை. போன வருடம் தொடக்கம் இரவில் இரண்டு பாதமும் விறைத்து, எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கிளினிக்கில் சொன்னேன். "சீனி கூடினால் அப்பிடித்தான் ஐயா" என்று கொப்பியில் அதே மாத்திரையை எழுதிவிட்டார்கள். குறை சொல்லவில்லை, எனக்குப் பின்னால் வாங்கில் நாற்பது பேர் இருந்தார்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மருமகள் வந்தாள். அங்கே அவள் நேர்ஸ் பிராக்டிஷனர். மேற்படிப்புப் படித்தவர்கள்; தாங்களே நோயாளியைப் பார்த்து, இரத்தப் பரிசோதனையும் மருந்தும் எழுதலாம். "இங்கை எனக்கு அந்த உரிமை இல்லை மாமா, சும்மா கேக்கிறன்" என்று பேனையோடு விறாந்தையில் குந்திவிட்டாள்.

கடதாசியில் ஒரு நீளக் கோடு கீறி, நான் பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அதில் குறித்தாள். 95 இடப்பெயர்வுக்குப் பிறகு எனக்கு இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வரும் என்பது மனைவிக்கே அன்றுதான் தெரியும். பங்ஷனல் மெடிசின் என்று அவர்கள் சொல்வதில் இந்தக் கோடுதான் தொடக்கமாம். வருத்தத்தின் பெயரோடு நிற்காமல், இந்த ஆளுக்கு ஏன் வந்தது, எப்போது தொடங்கியது என்று தேடுவது.

2022இல் பேனை நின்றது. பால்மா தட்டுப்பாட்டில் பால் தேத்தண்ணி போய் வெறும் தேத்தண்ணி வந்த காலம். பால்மா திரும்பக் கடைக்கு வந்தும் நாங்கள் மாறவில்லை. தயிரும் இல்லை.

"அப்ப பி12 எங்கையிருந்து வருது மாமா?"

பி12 ஒரு விற்றமின். பால், முட்டை, மச்சத்தில் இருக்கும்; மரக்கறியில் அது கிடையாது. மெட்போமினை நெடுநாள் எடுத்தால், சாப்பாட்டிலிருந்து உடம்பு அதை உறிஞ்சுவதும் குறையலாம். பி12 குறைந்தால் நரம்பு பாதிக்கும். அந்த விறைப்பும் சீனியால் வரும் விறைப்பும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

அவள் எழுதித் தந்த துண்டை டொக்டரிடம் நீட்டக் கூச்சமாக இருந்தது. அவர் கோபிக்கவில்லை, வாசித்துவிட்டு உடனே இரத்தப் பரிசோதனை எழுதினார். பி12 குறைவுதான். ஊசி போட்டு நாலு மாதத்தில் இடது கால் சரி. வலது பெருவிரல் இன்னும் விறைப்பு.

சாவகச்சேரியிலிருந்து:

கனடா மருமகள் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் 35 வயது தாண்டியவர்களுக்குச் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். மிஸி நாடாவால் வயிற்றைச் சுற்றி அளந்தார்: 98 சென்ரிமீற்றர். எங்கள் ஆண்களுக்கு 90 தான் எல்லையாம். புட்டை விடச் சொல்லுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். "விடவேண்டாம். குரக்கன் மா கலந்து, அரை நீத்துப்பெட்டியோடை நிப்பாட்டுங்கோ. மிச்ச இடத்துக்கு முருங்கையிலை வறை" என்றார். நீத்துப்பெட்டிக் கணக்கில் சொன்னதால்தான் எனக்கு ஏறியது. வெறும் வயிற்றுச் சீனி 118 இலிருந்து 104க்கு வந்தது.

மானிப்பாயிலிருந்து:

லண்டனில் என் தங்கையும் பங்ஷனல் மெடிசின் என்று ஒருவரிடம் போனாள். முடியைக்கூடப் பரிசோதித்தார்கள். பிறகு அவரே விற்ற 14 போத்தல் விற்றமின். களைப்பு மாறவில்லை. கடைசியில் ஜிபி, அதாவது அங்கத்தைக் குடும்ப டொக்டர், தைரொயிட் பார்த்துக் கண்டுபிடித்தார்.

கொக்குவிலிலிருந்து:

அது உண்மை. மருமகள் எனக்கு ஒரு போத்தலும் தரவில்லை. கொண்டுவந்த சொக்லேட்டையும் பேரனிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு மணி முழிப்புக்கு மட்டும் அவளிடமும் வழி இல்லை.

இதை வாசித்துவிட்டு யாரும் மெட்போமினை நிப்பாட்டிவிடாதீர்கள், நான் இன்னும் எடுக்கிறேன். அடுத்த கிளினிக்கில் பி12 பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.