பந்தல் திராட்சை: கவாத்துக்குப் பிந்தைய நிலவரம்
கொடி பந்தல் முழுவதும் படர்ந்தும் காய்க்கவில்லையே, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு மதுரை வெயில் ஒத்துவராதோ என்று முன்பு கேட்டிருந்தேன். நண்பர்கள் சொன்னபடி, முதிர்ந்து பழுப்பேறிய கிளைகளில் நான்கைந்து மொட்டுகளை மட்டும் விட்டு மீதியை வெட்டிக் கவாத்து செய்ததில், இப்போது புதுத்துளிர்களில் இலைக்கு எதிர்ப்புறமாக, கடுகினும் சிறிய மொட்டுகளுடன் பூங்கொத்துகள் வந்துள்ளன. இலையின் அடியில் வெண்படலமாகப் படரும் அடிச்சாம்பல் நோய் வராமலிருக்க, பத்து லிட்டர் நீருக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுட்ட சுண்ணாம்பும் தலா 100 கிராம் சேர்த்த போர்டோ கலவையைத் தெளிக்கிறேன்; தெளிக்கும் முன் இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்த்து, செந்நிறப் படிவு தெரிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். ஒயின் எப்போது என்று கேட்டவர்களுக்கு: ஈஸ்ட் பழச்சர்க்கரையைச் சாராயமாக்குவது எளிதுதான், ஆனால் 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது, ஆகவே முதல் அறுவடை பழரசத்துக்கே.