சத்துணவு மையத்தை ஆய்வு செய்ய வருபவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்: பதிவேட்டையா, தட்டையா?

பேரேடு:
பதிவேட்டைத்தான். கையெழுத்து இருக்கிறதா என்று புரட்டுவதைச் சொல்லவில்லை. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய் 50, எண்ணெய் 5 என்பது மத்திய அரசின் அளவு. 96 பேர் சாப்பிட்டதாக எழுதியிருந்தால் அன்று 9.6 கிலோ அரிசி குறைந்திருக்க வேண்டும். முன்னிருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, மீதி மூட்டைகளை அங்கேயே நிறுத்துப் பாருங்கள். சணல் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கழிக்காவிட்டால் பத்து மூட்டையில் ஐந்தாறு கிலோ குறைவு வெளியே தெரியாது. வருகைப் பதிவேட்டின் எண்ணும் சாப்பிட்டவர் எண்ணும் மாதம் முழுக்க ஒன்றாகவே இருந்தால், அந்த மையத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கடைசிப்பந்தி:
அந்தக் கணக்கு அண்டாவரைதான் வரும். பிள்ளையின் தட்டில் என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. 100 கிராம் புழுங்கலரிசி வெந்தால் ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் சோறு. சொல்லாமல் கொள்ளாமல் பன்னிரண்டரை மணிக்குப் போய், முதலில் வாங்கியவர், நடுவில் வாங்கியவர், கடைசியில் வாங்கியவர் என்று மூன்று தட்டுகளை நிறுங்கள். சாம்பாரை அடியோடு கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதல் வரிசைக்குத் தண்ணீர்தான், பருப்பெல்லாம் அடியில். மிச்சத்தைத் தனி வாளியில் கொட்டச் சொல்லி அதையும் நிறுங்கள். காய் மட்டும் மிஞ்சினால் துண்டு பெரிது, அல்லது வேகவில்லை. சோறு மிஞ்சினால் குழைந்திருக்கும், இல்லையென்றால் ஆறிப்போயிருக்கும். இதை எந்தப் பதிவேட்டில் பார்ப்பீர்கள்?

பேரேடு:
ஒரு நாள் தட்டை வைத்து ஓர் ஆண்டை எடைபோட முடியாது ஐயா. ஆய்வாளரைக் கண்டதும் கரண்டி தானாக நிறையும். போன மாதம் என்ன நடந்தது என்பதை இருப்பு மட்டும்தான் சொல்லும்.

வளர்ச்சிப்படி:
இரண்டு பேருமே விளைவை விட்டுவிட்டு வழியைத்தான் அளக்கிறீர்கள். பிள்ளையின் உயரம், எடை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், இவை ஏறியதா என்று பார்த்தால் போதாதா?

கடைசிப்பந்தி:
போதாது. அதே பிள்ளைக்கு வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க அல்பெண்டசோல் தருகிறார்கள். அரிசியும் செறிவூட்டியதாக, அதாவது இரும்புச்சத்து சேர்த்ததாக, இருக்கலாம். ஹீமோகுளோபின் ஏறினால் எது ஏற்றியது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? மதிய உணவின் இலக்கே தொடக்கப் பள்ளியில் 450 கலோரி, 12 கிராம் புரதம். இரவில் வீட்டில் உலை வைக்காததற்குச் சமையலரைக் குற்றம் சொல்லக் கூடாது.

பேரேடு:
இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் நாம் மூவரும் விட்டது ஒன்று உண்டு. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தின் கண்டாமன் கிராமப் பள்ளியில் 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அன்று இருப்பும் சரியாக வந்திருக்கும், தட்டின் எடையும் சரியாக வந்திருக்கும். ஆகவே எண்ணெய் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, அதில் முன்பு என்ன இருந்தது, உணவுப் பொருளோடு வேறு எதையாவது வைத்துப் பூட்டுகிறார்களா என்று முதலில் பாருங்கள். ஆசிரியர் ருசி பார்ப்பது பந்திக்கு முன்பு நடக்கிறதா, மாலையில் மொத்தமாகக் கையெழுத்தாகிறதா என்பதையும் கேளுங்கள்.

கடைசிப்பந்தி:
சரி, பாதுகாப்பு முதலில். அதற்கடுத்து முட்டையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாரம் ஐந்து. வந்த எண்ணிக்கை, இருப்பு, உடைந்தது, முட்டை வேண்டாதவர்களுக்கு வாங்கிய வாழைப்பழம் எல்லாம் ஒரே கணக்கில் நிற்க வேண்டும். வேகவைக்குமுன் நாலைந்தைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பழசு. முட்டையை அரிசி மாதிரி அளவு குறைத்துப் பரிமாற முடியாது. உண்டு அல்லது இல்லை. பிள்ளையிடமே கேட்டுவிடலாம்.

பேரேடு:
கேளுங்கள், அமைப்பாளர் பக்கத்தில் இல்லாதபோது. கேட்டதைப் பதிவேட்டின் அதே தேதியோடு ஒப்பிடுங்கள்.